மடிமேல் விரித்த கொடி

ஸ்டேடியத்தின் விளக்குகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. நைனாவும் நானும் கூவத்துப் பாலத்தைத் தாண்டி மவுண்ட் ரோட்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி, அரைவட்டம் போட்டுத்தான் தரையில் வைப்பார். ஒவ்வொரு முறை கால் வீசும்போதும் தோளில் மடித்துப் போட்டிருந்த ஆரஞ்சுக் கொடி சரியும். இழுத்துவிட்டுக்கொள்வார். என் கண்ணெல்லாம் அந்தக் கொடியின் மேல்தான். கோபமும் அதனால்தான். அவரோடு சேர்ந்து நடக்கப் பிடிக்காமல் கொஞ்சம் முன்னால் நடந்தேன்.

எங்களைக் கூட்டி வந்த வேன்கள் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டன. கூலியை வேனை விட்டு இறங்கும்போதுதான் தருவார்கள் என்பதால் நைனாவின் பையில் பஸ்ஸுக்குக்கூட எதுவும் இல்லை. பறக்கும் ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறினால் கோட்டூர்புரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். ஆனால் அந்த ஸ்டேஷன்களுக்கு மாடி மாடியாகப் படி ஏற வேண்டும். படி என்றால் நைனாவுக்கு ஆகாது. சமதரையில் எவ்வளவு தூரமானாலும் நடப்பார். ஆகவே நடந்தோம்.

பிற்பாடு நான் எத்தனையோ ஊர்களை விட்டு இப்படி நடந்து வெளியேறியிருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் வாய்த்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி, மங்களூரில் ஐஸ் ஃபேக்டரி, கொச்சியில் ஓட்டல். எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும், பின்னால் வெளிச்சமும் முன்னால் நீளமான ரோடுமாக அந்த நடைதான் ஞாபகத்துக்கு வரும். அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி. அவருக்குத் தொழில் ஆள் சேர்ப்பது. எந்தக் கட்சிக்காரர் வந்து கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றாலும் ஆற்றோரத்து எங்கள் குடிசைகளிலிருந்து வேன் வேனாக ஏற்றிவிடுவார். காலையில் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் சாயங்காலம் அந்தக் கட்சியைத் திட்டுகிற கூட்டத்துக்கும் ஒரே ஆட்களைக் கொண்டுபோய்க் காட்டியவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. தொழிலில் அவர் வைத்திருந்த சட்டங்கள் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மேடையில் இருப்பவர் கையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும். பெரியவர் மேடையை விட்டு இறங்கும்வரை பிரியாணிப் பொட்டலம் கிடையாது. பொட்டலம் கைக்கு வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது, வேனுக்குப் போகலாம்.

அந்த வருஷம் ஊரின் ஃபுட்பால் கிளப் தன் சொந்த ஸ்டேடியத்திலேயே வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் வருவது நின்றுபோயிற்று. டிவி கேமராவுக்கு நேர் எதிரே இருந்த பகுதி காலியாகத் தெரிந்தது. அதை நிரப்பித் தர முடியுமா என்று யாரோ ஒரு கான்ட்ராக்டர் மாமாவைக் கேட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்தல் இல்லாத காலத்தில் வாராவாரம் கூட்டம் என்றால் அவருக்குப் பெரிய விஷயம்.

நைனாவுக்கும் அதில் ஒரு விஷயம் இருந்தது. அவர் பெயிண்டர். தி.நகரில் ஒரு கடை மாடிக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தார். உயிர் தப்பியது, முழங்கால் விறைத்துப்போனது. அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவர் நாலு எட்டு நடந்து வருவதைப் பார்த்ததும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மா ஆழ்வார்பேட்டையில் இரண்டு வீடுகளில் சமைத்து எங்களைப் பார்த்துக்கொண்டாள். நைனா வீட்டில் இருந்தார். வீட்டில் இருப்பது அவருக்குச் சரிப்படவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"மாமா, நீயும் வா," என்று மாமா தன் அக்கா புருஷனான நைனாவைக் கூப்பிட்டார். "அங்க சூப்பர்வைசர் ஒருத்தர் கீறாரு. வேலைக்கு ஆள் எடுக்கறதெல்லாம் அவருதான். வாட்ச்மேனாட்டம் கேட்டாண்ட குந்திக்கினு பாக்குற வேல எதுனா கேட்டு வைக்கிறேன். மொதல்ல நம்ம கூட்டம் ஒழுங்கா குந்தி எழுந்திருச்சின்னு அவரு பாக்கணும். அப்பால எது கேட்டாலும் குடுப்பாரு."

"நீ சொன்னா கெடச்சிடும்," என்றார் நைனா. மாமாவின் தொழிலை அவர் மதித்ததே இல்லை. ஒரு கூட்டத்துக்கும் போனதும் இல்லை.

"கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்? போய்ட்டு வாய்யா," என்றாள் அம்மா.

நைனா முதல் வேனில் ஏறினார். நானும் ஒட்டிக்கொண்டேன். எல்லாருக்கும் ஆரஞ்சு பனியனும் ஆளுக்கொரு கொடியும் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடி கிடையாது என்று மாமா சொல்லிவிட்டார். இது கட்சிக் கொடி இல்லை, கிளப் கொடி, அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். அப்படி ஒரு பச்சையை அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஆற்றங்கரையில் புல் என்றால் சேறும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. இங்கே யாரோ கம்பளம் விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. நாங்கள் உட்கார வேண்டிய இடம் மேலே, படிகளின் உச்சியில். சூப்பர்வைசர் இன்னும் வந்திருக்கவில்லை. நைனா கீழ்ப்படியில் திரும்பி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினார். நானும் அதே மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. உச்சி வரிசையில், நடைபாதையை ஒட்டிய ஓரத்து சீட்டைப் பிடித்துக் காலை நீட்டிக்கொண்டார். சீட்டெல்லாம் தூசியும் காக்கை எச்சமும். பெண்கள் முந்தானையால் துடைத்துவிட்டு, இந்த இடத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களா இல்லையா என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் வேலையில் குறை வைக்கவில்லை. கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபோதெல்லாம் பக்கத்து வீட்டு ஆயா பழக்கதோஷத்தில் "வாழ்க, வாழ்க" என்றாள். நடுவில் ஓடிக்கொண்டிருந்த நடுவர் ஒரு தடவை கையைத் தூக்கி எங்கள் அணிக்காரர் ஒருவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். கையைத் தூக்கிவிட்டாரே என்று எங்கள் பகுதி முழுக்கக் கைதட்டியது. அட்டை வாங்கியவர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அவுரு யாரு, தலைவரா?" என்று ஆயா கேட்டாள்.

"விசில் அவர்கிட்டதான கீது. அப்ப அவுருதான் தலைவரு," என்றார் மாமா.

பாதி ஆட்டம் முடிந்து நடுவர் நீளமாக ஊதினார். எல்லாரும் மைதானத்தை விட்டு இறங்கி உள்ளே போனார்கள். தலைவரும் போனார். மாமா அதைப் பார்த்தார். பெரியவர் மேடையை விட்டு இறங்கியாயிற்று. இத்தனை வருஷத் தொழிலில் அவருக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. வேனிலிருந்து பொட்டலக் கூடைகளை வரவழைத்துவிட்டார்.

"யோவ், இன்னும் பாதி ஆட்டம் கீதுய்யா," என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு பையன் கத்தினான்.

"அது அவுங்களுக்குடா," என்றாள் ஆயா, பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டே. "நமக்குப் பொட்டலம் வந்தாச்சி."

ஆட்டம் தெரிந்தவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பிரியாணி வாசனையோடு மொத்தக் கூட்டமும் படியிறங்கியது. யாரும் யாரையும் தள்ளவில்லை. நல்ல பழக்கமுள்ள கூட்டம். அங்கங்கே சீட்டில் கொடிகள் மட்டும் கிடந்தன. அவற்றையும் மாமாவின் ஆட்கள் பொறுக்கிக் கட்டினார்கள்.

மாமா மேலே ஓடி வந்தார். "மாமா, எழுந்துரு. வண்டி கெளம்புது."

நைனா எழவில்லை. படிகளின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இடுப்பில் வாக்கி டாக்கியோடு தடித்த ஆள் ஒருவர் நின்று, காலியாகும் பகுதியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அவருதான் சூப்பர்வைசரா?"

"ஆமா. எதுக்கு இப்டிக் கத்துறாருன்னு தெர்ல."

"பாதிதான் ஆயிருக்கு மச்சான். திரும்ப வருவாங்க."

மாமாவின் முகம் அப்படி மாறியதை நான் பார்த்ததில்லை. வேன் பக்கம் ஓடினார். பொட்டலம் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்த கூட்டத்தைத் திரும்பப் படியேற்ற அவரால் முடியவில்லை. எந்தத் தலைவராலும் முடியாது. ஒருத்தரும் வரவில்லை. மாமாவும் வரவில்லை.

பெரிய மலை மாதிரி இருந்த அந்தப் பகுதியில் ஆரஞ்சு பனியனோடு நைனாவும் நானும் மட்டும் மிச்சம். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இந்தக் காலியிடத்தில் நின்று கொடி ஆட்டினால் ஊரே பார்க்கும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து நைனா கொடியைக் கம்பிலிருந்து உருவி, மடியிலிருந்து பாதம்வரை போர்த்திக்கொண்டார்.

"கொடியக் குடு நைனா."

"கம்முனு குந்து."

"நீதான் ஆட்டலியே. நான் ஆட்டறேன்."

"குளுருது," என்றார். புழுங்கித் தொலைத்த சாயங்காலம் அது. பனியன் அவர் முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

சூப்பர்வைசர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பெரிய ஆள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். நைனா உட்கார்ந்தே இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எல்லாம் தின்னுட்டுக் கெளம்பிட்டாங்க. நீ மட்டும் ஏன்யா குந்தியிருக்க?"

"ஆட்டம் முடியலியே சார்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "அவ்ளோ புடிக்குமா? கேமராக்காரன் உன்னைத்தான் சுத்திச் சுத்திக் காட்டறான். இன்னா வேல செய்ற?"

"பெயிண்டர் சார். இப்ப வேல இல்ல."

"சீட்டு தொடைக்கற ஆள் நின்னுட்டான். பாத்தல்ல, எப்டி கீதுன்னு. தினமும் வரணும், மேலேந்து கீழவரைக்கும். ஏறி எறங்குவியா?"

"சாரத்துமேல நின்ன காலு சார்," என்றார் நைனா.

"காலைல எட்டு மணிக்கு வந்து பாரு." சூப்பர்வைசர் ஒரு படி இறங்கி, திரும்பினார். "சும்மா குந்தியிருக்காத. கேமரா வந்தா கத்து."

நைனா கத்தினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பந்து யாரிடம் இருந்தாலும், தொண்டை கம்மும்வரை கத்தினார். வீட்டில் நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவரிடம் இவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் அணி தோற்றது. மற்ற பகுதிகளில் இருந்த கொஞ்சம் பேரும் எழுந்து போனார்கள். நான் போகலாம் போகலாம் என்று பனியனைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. கீழே நின்ற சூப்பர்வைசர் எங்கள் பக்கம் கையை ஆட்டிவிட்டு ஒரு கதவு வழியாக உள்ளே போய், அந்தக் கதவு மூடிய பிறகுதான் கொடியை மடித்துத் தோளில் போட்டார். பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து, விறைத்த காலை முதலில் கீழே விட்டு, படி படியாக இறங்கினார். இதற்குள் வெளியே ஒரு வேனும் இல்லை.

அப்படித்தான் நாங்கள் நடக்க வேண்டியதாயிற்று.

மவுண்ட் ரோட்டில் தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ ஒன்று எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. பனியனைப் பார்த்திருக்க வேண்டும். டிரைவர் தலையை நீட்டி, "மேட்ச்சா தல? யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

"அவுங்கதான். ஒண்ணுக்கு ரெண்டு."

"நம்மாளுங்க என்னிக்கி ஜெயிச்சாங்க. ஆழ்வார்பேட்டை வரைக்கும் போறேன், ஏறிக்கோ."

நைனா டெம்போவின் பின்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். காலி கேன்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. தேனாம்பேட்டை சிக்னலில் அவர் கொடியை என் பக்கம் நீட்டினார். "இந்தா. இப்ப ஆட்டு."

"வேணாம்," என்றேன்.

"காத்துல சோக்கா பறக்கும்டா."

"எனக்கு வேணாம்."

இப்போது ஆட்டி யார் பார்க்கப்போகிறார்கள். அவர் இன்னொரு தடவை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேன்களில் சாய்ந்துகொண்டார். ஆழ்வார்பேட்டையில் இறங்கி, அம்மா தினமும் வேலைக்கு வரும் தெருக்கள் வழியாகவே நடந்தோம். அடையாற்றுப் பாலம் வந்தபோது நான் அவருக்குப் பின்னால் போய்விட்டிருந்தேன். காலை வீசும் அந்த அரைவட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவர் ஒரு இடத்திலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்றார்.

வீட்டு வாசலில் மாமா தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். பக்கத்தில் எங்களுக்காக எடுத்து வைத்த இரண்டு பொட்டலங்கள். நைனாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"கான்ட்ராக்டர் போன்ல காறித் துப்பிட்டான் மாமா. இனிமே அந்தப் பக்கமே வராதன்னுட்டான். உன் வேலயும் என்னாலதான் போச்சு."

"போவல," என்றார் நைனா.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். நைனா தரையில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தாள். முழங்கால் வீங்கிப் பளபளத்தது. நான் பொட்டலத்தைப் பிரித்து முட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது. கேட்டேன் என்று சொல்ல முடியாது.

"காலப் பாத்தாரா?"

"பாக்கல. கொடிய மேல போட்டுக்கினேன்."

"எழுந்து நடக்கச் சொல்லலியா?"

"எழுந்தாத்தான. அவரு உள்ள போறவரைக்கும் நான் எழல."

மாமா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"அத்தினி படி," என்றாள் அம்மா. "எப்டிய்யா தொடைப்ப?"

"மேல ஒரு தபா ஏறிட்டா போதும். குந்தின எடத்துலேந்தே பக்கத்து சீட்டத் தொடைக்கறது, அதுல மாறிக் குந்திக்கறது. அப்டியே அந்தக் கோடிவரைக்கும் போவலாம். வரிசை முடிஞ்சா ஒரு படி எறங்கறது. உன் தம்பி சொன்னானே, குந்திக்கினு பாக்குற வேல. அதேதான்."

மாமா மட்டும் சிரித்தார். அதுவும் பாதியில் நின்றுபோனது. நான் முட்டையைத் தின்றுவிட்டு, கொடி விஷயத்தில் நைனாவோடு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

விடிகிற நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். என் தலைக்கு அடியில் மெத்தென்று ஏதோ இருந்தது. அந்தக் கொடிதான். யாரோ மடித்து வைத்திருந்தார்கள். நைனா லுங்கியை விட்டுவிட்டுத் தன் ஒரே பேன்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். முழங்காலில் இறுக்கித் துணி சுற்றியிருந்தது; அதன்மேல் பேன்ட்டை இழுத்துவிட நேரம் பிடித்தது.

"எட்டு மணிக்குத்தான வரச் சொன்னாரு?" என்றாள் அம்மா.

"அவரு எட்டு மணிக்கு வருவாரு. அதுக்குள்ள நான் மேல போய்க் குந்திக்கணும்."

"எறங்கறது?"

"அவரு வூட்டுக்குப் போனதுக்கு அப்பால."

அம்மா சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, என்னைத் தாண்டி வெளியே போனார். சந்தில் அந்தக் கால் தரையில் இழுபடும் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது. ஸ்டேடியம் நைனாவுக்கு இவ்வளவு பிடித்துப்போய்விட்டதே, ஊரில் எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறாரே, என்னையும் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தபடி கொடியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கிப்போனேன். அன்று காலையிலிருந்து நைனா அங்கே சீட் துடைக்கப் போனார்.